குரல் மட்டும் பஸ்ஸில் கேட்டது

போன வாரம் ஒரகடம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. சன்னல் வழியே பார்த்தால் வரிசையாகப் பெண்கள், எல்லார் காதிலும் வெள்ளையாக ஏதோ சொருகியிருக்கிறது, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சத்தம் இல்லை. கதவு திறந்து ஒருத்தி இறங்கினாள். அவளோடு சேர்ந்து ஒரு வாசனையும் இறங்கியது. பவுடரும், ஈரத் தலையில் வைத்த மல்லிகையும், வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் கலந்த வாசனை. பச்சை விழுந்து பஸ் போய்விட்டது. நான் ரோட்டைத் தாண்டாமல் அங்கேயே நிற்கிறேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாம்மா, சிக்னலாண்ட பட்டா கிட்டா வாங்கிக்கினியா?" என்றார்.

நல்ல வார்த்தை. மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன். எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றது. மிச்சமெல்லாம் இப்படி அடுத்தவர் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

நானும் இங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பஸ் இப்படி ஊமையாக ஓடாது. எங்களுக்குப் 'பாட்டு டர்ன்' என்று ஒன்று இருந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு புளூடூத் செட். தினம் ஒருத்தர் தன் போனை அதில் சேர்த்துப் பாட்டுப் போட வேண்டும். எல்லாரும் தவணையில் வாங்கிய ஒரே மாதிரிப் போன்தான், எது யாருடையது என்று தெரியாமல் தினமும் சண்டை. டிரைவர் துரை அண்ணன் வடக்குப்பட்டு ஆள். அவர்தான் வழி சொன்னார்: "போனுக்கு அவங்கவங்க பேரு வெச்சிருங்கம்மா. செட்டுல பேரு ஓடும். யாரு பாட்டு நல்லா கீது, யாரு பாட்டு மொக்கன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்." அப்படியே வைத்தோம். போன் சேர்ந்ததும் செட்டின் சின்னக் கண்ணாடியில் நீல எழுத்தில் பெயர் ஓடும். ஒருமுறை சேர்த்துவிட்டால் அப்புறம் பஸ் பக்கத்தில் வந்தாலே போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் போன் பெயர் ஓடினால் பின் சீட்டில் முனகல் கேட்கும். பழைய சோகப் பாட்டாகப் போடுவேன். "அக்கா டர்னுன்னா எழவு வூட்டுக்குப் போற மாதிரியே கீது" என்பார்கள். தப்பில்லை. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, வேண்டாமென்று பிரிந்து வந்தவளிடம் வேறென்ன பாட்டு இருக்கும்.

ஓடும்போது எல்லாரும் கைதட்டுகிற பெயர் செல்வியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் நாங்கள் இருந்த ஹாஸ்டல் ஒரு வீட்டை அறை அறையாகத் தடுத்தது. வாசல் பக்கத்து அறையில் நாலு கட்டில். இரண்டு பேர் காலை ஷிப்ட், நானும் செல்வியும் மதிய ஷிப்ட். அவளுக்கு இருபத்து மூன்று வயது. என்னைவிட எட்டு வயது இளையவள், ஆனால் தூங்கும்போது என் போர்வையையும் இழுத்துக்கொள்கிற உரிமைக்காரி. ஊரில் மாமன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். அவள் அழுது அடம்பிடித்து, "இன்னும் ஒரு வருசம் வேல பாத்துட்டு வாரேன்" என்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஒரு வருஷம்தான் அவள் சொத்து. "ஒரு வருசத்துக்குள்ள என்னக்கா ஆகும்?" என்று கேட்டால், "என்ன வேணா ஆவும்டி" என்பேன். நல்லதைத்தான் நினைத்துச் சொன்னேன்.

கம்பெனியில் சேரும்போது எங்கள் உடம்பை நன்றாகவே பார்த்தார்கள். உயரம், எடை, கண், ரத்தம். விரல் மெலிதாக இருந்தால் சின்ன ஸ்க்ரூ போடுகிற லைன். எனக்கும் செல்விக்கும் மெலிந்த விரல். அதற்குப் பிறகு உடம்பு என்றால் எங்களுக்கு வலிக்கிற இடங்கள்தான். குதிகால், இடுப்பு, மாதத்துக்கொருமுறை அடிவயிறு. அதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் படத்தைச் செல்விதான் தன் போனில் ஒரு ஆப்பில் கண்டுபிடித்தாள். ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். முதலிலேயே பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டது. "நாம பெரியவங்கதானக்கா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். "ஓட்டு போட்டாச்சு, அப்புறம் இன்னா" என்றேன்.

கடலோரத்தில் ஒரு ஊர். ரொட்டிக் கடையில் வேலை செய்கிற, நாற்பதை நெருங்குகிற ஒரு பெண். புருஷன் நல்லவன். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், அவளைக் கேட்கவும் மாட்டான். ஒரு மத்தியானம் அவள் வீட்டில் தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று தன் தோளைத் தானே தொட்டுப் பார்க்கிறாள். புதுத் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி. அவ்வளவுதான் காட்சி. நாங்கள் அதைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தோம். அடுத்து அவள் மெல்ல மெல்லத் தன்னைத் தெரிந்துகொள்கிறாள். கூச்சமாக இருந்தது, ஆனால் அசிங்கமாக இல்லை. இதை நான் இன்றைக்கும் யாரிடமும் அடித்துச் சொல்வேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரே மூச்சில் பார்க்க எங்களுக்கு நேரம் ஏது. சாப்பிட்டு, தலை வாரி, யூனிபார்ம் போட்டுக்கொண்டு, பஸ் வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம். இடையில் செல்வி என்னைக் கேட்டாள்: "அக்கா, நெசமாவே அப்படி இருக்குமா?" குடித்தனம் செய்தவள் என்று என்னைக் கேட்கிறாள். நானோ பரீட்சையே எழுதாமல் பாஸ் என்று ஊர் சொல்லி அனுப்பியவள். "தெர்லடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த ஒடம்பு லைனுக்குன்னே குடுத்ததுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

ஒருநாள் அந்தப் பெண் புருஷனிடம் பேசுகிற இடம் வந்தது. இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால், போன் சத்தத்தைக் குறைத்துவைத்து, இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் புருஷன் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். சத்தம் நின்றுவிட்டது.

"ஸ்பீக்கர் போயிட்டுக்கா" என்றாள் செல்வி. சத்தத்தைக் கூட்டினாள். வரவில்லை. கடைசிவரை கூட்டினாள். அப்போதும் வரவில்லை. படம் மட்டும் ஓடியது. நாங்கள் அதை விடவில்லை. சத்தமில்லாமல் அந்த முகத்தையே பார்த்தோம். அந்த முகத்தில் முதலில் பயம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் கண்ணில் தண்ணீர். ஒரு பெண் தனக்கு வேண்டியதைக் கேட்டு, அது கிடைக்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் முகத்திலும் இருந்ததில்லை.

வெளியே யாரோ விசிலடித்தார்கள். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பஸ் அன்றைக்குச் சீக்கிரம் வந்து சன்னலை ஒட்டினாற்போல் நின்றிருந்தது. முந்தின நாள் செல்வியின் டர்ன். போன் வழக்கம்போலத் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. முகம் எங்களிடம் இருந்தது, குரல் பஸ்ஸுக்குப் போய்விட்டது. துரை அண்ணன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓடி வந்து அணைப்பதற்குள், "மெதுவா. இன்னைக்கு நான் சொல்ற மாதிரி" என்று அந்தப் பெண் சொன்னதும், அவள் மூச்சும், சிரிப்பும், அழுகையும் முழுச் சத்தத்தில் பஸ் நிறையக் கேட்டிருக்கின்றன. மேலே நீல எழுத்தில் 'செல்வி, செல்வி' என்று பெயர் ஓடியிருக்கிறது. நாலைந்து பேர் அதை வீடியோ எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் ஏறியபோது பஸ் அமைதியாக இருந்தது. முன் சீட்டில் டெக்னீஷியன் ஒருவன், "பாட்டு போடலியா செல்வி? இன்னிக்கும் உன் டர்ன்தான்னாங்க" என்றான். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை, தங்கள் பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டார்கள். அது அதைவிட மோசம். எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: ஆம்பளை சிரிச்சா மானம் போவும், பொம்பளை திரும்பிக்கினா உசிரே போவும்.

இரண்டாம் நாள் அந்த வீடியோ லைன் லைனாகப் போனது. மூன்றாம் நாள் அது படத்தின் குரல் என்பதே போய்விட்டது. செல்வியே யாரோடோ இருந்தபோது பதிந்த குரல் என்று ஆகிவிட்டது. வீடியோவில் முகம் இல்லை, பெயர்தான் இருக்கிறதே. நான் ஒவ்வொருத்தரிடமாகப் போய், "அவ பேச்சாடி இது? அவ சொல்லுதேன், வாரேன்னு பேசறவ. இதுல பேசறது மெட்ராஸ் டிவிக்காரி மாதிரி கீது, காதுல இன்னா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "இருந்தாலும்க்கா" என்றார்கள். கம்பெனியில் செட்டைக் கழற்றிவிட்டு, பஸ்ஸில் பாட்டே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் எல்லாரும் செல்வியைத்தான் முறைத்தார்கள்.

ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லாம்மா பென்னலூர்க்காரர். கெட்டவர் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவரிடம் போய், "நானுந்தான்மா பாத்தேன். ரெண்டு பேருந்தான் பாத்தோம். என்னியும் சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

"நீ பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா" என்றார். "புருசன் வேணான்னு வந்தவ. உன்னிய யாரு கேக்கப் போறா? அது கன்னாலம் ஆவாத பொண்ணு. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா எவ வந்து இங்க தங்குவா? அவங்க வூட்டுக்கு போன் போட்டுட்டேன்."

பழியில் பங்கு கேட்டுப் போனேன், அதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று திரும்பினேன்.

அடுத்த நாள் மதியம் செல்வியின் அண்ணன் ஒரு வாடகைக் காரில் வந்தார். சின்ன ஆள், தூக்கமில்லாத கண். அடிப்பார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "ஏட்டி, பையை எடு" என்றார்.

"படந்தானண்ணே பாத்தேன். அந்தப் பேச்சு என் பேச்சு இல்ல."

"உன் பேச்சு இல்லன்னு எனக்குத் தெரியும்ட்டி. சரி, என்ன படம்? சொல்லு. அதுல என்ன வருது? நான் அப்பாட்ட என்னன்னு சொல்ல?"

செல்வி வாயைத் திறந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றவளை, தோளைத் தொட்டவளை, கையைப் பிடித்து நிறுத்தியவளை எந்த வார்த்தையில் சொல்வது? எங்கள் வாயில் இருந்ததெல்லாம் அந்த விசிலடித்தவன் வைத்திருந்த அதே வார்த்தைகள்தான். அதில் எதை எடுத்துச் சொன்னாலும் படம் அவன் சொன்ன படமாகத்தான் ஆகும். ஊர்ச் சொல்லெல்லாம் பொறுக்கி வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு, அன்றைக்கு ஒன்று கிடைக்கவில்லை.

"மாமா வீட்ல இன்னும் வேண்டாம்னு சொல்லல. அதுவரைக்கும் புண்ணியம். வாட்டி" என்றார் அண்ணன். அவரைத் திட்டவும் எனக்கு வரவில்லை. செல்வி கட்டிலில் இருந்த துணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது.

அப்புறம் ஒரே ஒரு முறை அவளிடமிருந்து போன் வந்தது, கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் மறைவில்தான் பேசுகிறாள் என்று புரிந்தது. "நல்லாருக்கேன்க்கா. அவுக நல்ல மாதிரிதான், ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றாள். ஒண்ணும் கேட்கவும் மாட்டாரா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. மிக்ஸி ஒருதரம் நின்று மறுபடி ஓடியது.

"அக்கா, அந்தப் பொம்பள கடைசியில என்ன ஆனா?"

"பாக்கலடி. நீயில்லாம எப்டிப் பாக்கறது. பாத்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லுக்கா. இந்த நம்பர் மாத்தப் போறாக" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே தேடினேன். அந்த ஆப்பில் படம் இல்லை, எடுத்துவிட்டார்களாம். பெயரும் சரியாக நினைவில்லை. நாங்கள் அதை 'அந்தப் படம்' என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இருந்தாலும் ஒரு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டேன், தெரியவில்லை என்றாவது சொல்லலாமென்று. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது.

இப்போது அந்த ஹாஸ்டல் இருந்த இடத்தில் கோடவுன் நிற்கிறது. எங்கள் அறை இருந்த மூலையில் லாரி பின்பக்கமாக வந்து ஒதுங்குகிறது. துரை அண்ணன் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார். செல்வி இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.