விழுப்புரத்தில் சேஞ்ச்

போன வாரம் என் கழுத்தில் ஒரு கல்யாண மாலை விழுந்தது. இந்தப் பத்தியை என் மனைவியும் படிப்பாள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — உடனே கழற்றிவிட்டேன்.

எல்லாம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை செய்த வேலை. சேஞ்ச். டாக்டர், 'ஒரு சேஞ்சுக்கு எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்' என்கிறார். கடைக்காரர், 'சேஞ்ச் இல்லை' என்று கையை விரிக்கிறார். ரயில்வேக்காரர் சொன்னால் என்ன அர்த்தம்? அங்கேதான் வம்பு.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் என் நண்பன் தணிகாசலத்துக்குக் கல்யாணம். பெண் முகையூர். முதல் நாளே மாப்பிள்ளை வீட்டாரோடு ரயிலேறினேன். யுத்த காலத்துக் கூட்டம்... அவர்கள் ஒரு பெட்டி, நான் வேறு பெட்டி.

ஏறுவதற்கு முன், டிக்கெட் கொடுத்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் கன்னியப்பனிடம், "விழுப்புரத்துல சேஞ்ச் பண்ணணும், மறந்துடாதீங்க" என்றார். கன்னியப்பன் பெரிதாகத் தலையாட்டினார்.

விழுப்புரத்தில் நான் இறங்கி, ஓடி, காட்பாடி வண்டியைப் பிடித்தேன். அவர்களும் ஏதோ ஒரு பெட்டியில் இருப்பார்கள் — ஏன் சந்தேகப்பட வேண்டும்?

முகையூரில் மேளம் முழங்கியது. சரிகை வேட்டியோடு இறங்கியவன் நான் ஒருவன்தான். கண் மங்கிய பெரியவர் ஒருவர் மாலையைப் போட்டே விட்டார்.

பெண்ணின் தகப்பனார் ஏழுமலை ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மாப்பிள்ள எங்கங்க? நீங்க மட்டும் வந்துக்கினு இருக்கீங்க."

"பின்னால வர்றாங்க" என்றேன். வண்டி நகர்ந்தது. பின்னால் வெறும் தண்டவாளம்தான் இருந்தது.

மேளம் நின்றது. 'மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போல' என்று யாரோ முணுமுணுத்தது ஏழுமலையின் காதில் விழுந்துவிட்டது. மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. "ஊரையே கூப்ட்டு வச்சிருக்கேன். நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கினு நடமாடுவேன்?"



வீட்டிலும் அதே பேச்சு. மணப்பெண் கிளியம்மாள்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஓடிப்போறவரு சொந்தக்காரங்க அத்தினி பேரையும் கூட்டிக்கினா ஓடுவாரு? வழி தப்பியிருப்பாங்க. மேளக்காரங்களுக்குச் சோத்தப் போடுங்க."

அந்த வீட்டில் அன்றைக்கு நிதானமாக யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

பொழுது சாயும் நேரம். பெண்ணையாற்றுப் பக்கமிருந்து கரும்பு வண்டிகள் வந்தன. முன் வண்டியில், கரும்புக் கட்டின்மேல், பட்டும் தலைப்பாகையுமாகத் தணிகாசலம்... மீசையெல்லாம் கரும்புச் சோகை.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. விழுப்புரம் வருவதற்குள் பெட்டியிலேயே எல்லோரும் பட்டுக்கு மாறிவிட்டார்கள். பெண்களுக்குப் போர்வையைத் திரையாகப் பிடித்தார்களாம். மாறிய கையோடு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி திருச்சிப் பக்கம் கிளம்பிவிட்டது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "விழுப்புரத்துல சேஞ்ச் பண்ணலியா?"

கன்னியப்பனுக்கு ரோஷம். "எல்லாரும் பண்ணிட்டோங்க. பொம்பளைங்ககூடப் பண்ணிட்டாங்க."

பரிசோதகர் அவர்களைத் திருவெண்ணெய்நல்லூர் ரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். கரும்பு வண்டிக்காரர்களைக் கெஞ்சி ஏறி, ஆற்று மணலில் சக்கரம் புதையும்போதெல்லாம் மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளி, வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஏழுமலை கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார். "பேஜாரு பண்ணிட்டீங்களே, சம்மந்தி."

"வண்டி மாறணும்னு சொன்னா அந்தாளுக்கு வாய் வலிக்குமா?" என்றார் கன்னியப்பன். நியாயம்தானே? நாட்டில் பெரிய சேஞ்ச் வரப்போகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். எந்த அர்த்தத்தில் என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

மறுநாள் முகூர்த்தம் ஜோராக நடந்தது. அதற்கடுத்த நாள் எல்லோரும் திரும்பினோம். விழுப்புரத்தில் வண்டி நின்றதுதான் தாமதம்... "எறங்குங்க, ஜல்தி" என்று கிளியம்மாள் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த வண்டியில் ஏறி உட்காரும்வரை விடவில்லை.

புதுப்பெண், பட்டப்பகல், இத்தனை ஜனத்துக்கு நடுவில். எங்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.