தேரையைக் கடித்த நாய்

தேரை ஓடித் தப்பிக்கிற பிராணி இல்லை. வயலில் பாம்பு கவ்வினால் பச்சைத் தவளை ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். எங்கள் வாசல் தேரை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நாய் பக்கத்தில் வந்தால் காற்றை இழுத்து உடம்பை உப்ப வைக்கும். நாலு காலையும் ஊன்றி எழும்பி, தலையைக் கவிழ்த்து முதுகைக் காட்டும். ‘கடி, பார்க்கலாம்’ என்கிற தோரணை அது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு புடைப்புகளில்தான் அதன் விஷம். கடித்தால் பால் மாதிரி கசியும். எங்கள் ஊர் நெரவியில் மழைக்காலத்து வாசலில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் நாய்க்கு மட்டும் தெரியாது. அதற்கு அதுதான் முதல் மழைக்காலம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்டதும், விளக்கடியில் ஈசல் பொறுக்கிக்கொண்டிருந்த தேரையை நாய் கவ்வியது. நான் “சீ, போடு” என்று கத்துவதற்குள் கடித்து உதறிவிட்டது. தேரை தெருவில் விழுந்து, மறுபடியும் உப்பி உட்கார்ந்துகொண்டது. நாய்தான் முகத்தைத் தரையில் போட்டுத் தேய்த்தது. வாயிலிருந்து நுரை கொட்டியது. கண் சொருகி, கால் பின்ன, தெரு நடுவில் தள்ளாடியது.

அதைப் பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டார். அவருடைய சின்னப் பெண்ணை முந்தின வருஷம் ஒரு நாய் கடித்திருந்தது. தெருவே சேர்ந்து அந்த நாயை அடித்துக் கொன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினாராம்: கொல்லாமல் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்த்திருந்தால் அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று தெரிந்திருக்குமே என்று. ஊசியெல்லாம் போட்ட பிறகும், அந்தப் பெண் தண்ணீர் குடிக்கும்போது அவர் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“வெறிநாய்! புள்ளைங்கள உள்ள கூப்பிடுங்க!” என்று கத்திக்கொண்டே வந்தார். கையில் சவுக்குக் கழி. பின்னால் இன்னும் மூன்று பேர்.

“அண்ணே, வெறியெல்லாம் இல்ல. தேரையக் கடிச்சிடுச்சு!” என்றேன்.

“தேரையக் கடிச்சா நுரை தள்ளுமா? காதுல பூ சுத்தாத. தள்ளும்மா!”

“அந்தா உக்காந்திருக்கு பாருங்க!”

அவர் பார்த்தார். கழியை ஓங்கி அதன்மேல் ஒரே போடு போட்டார். உப்பிய உடம்பு வெடித்து, குடல் என் கால்வரைக்கும் தெறித்தது. வாயில் போடுகிறவனுக்குத்தான் தேரையின் விஷம். கழியை அது என்ன செய்யும்?

அடுத்த அடி நாய்க்கு. பின்னங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவன் செங்கல்லை எறிந்தான். விலாவில் பட்டு நாய் சுருண்டது. கண்மண் தெரியாமல் அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடுவில் போய் விழுந்தேன். என் தோளிலும் ஒரு அடி இறங்கியது. நாயை அப்படியே இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தேன். விஷம் உள்ளே போய்விட்டால் யாரும் அடிக்காமலே செத்துவிடும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, வாளித் தண்ணீரை வாயில் ஊற்றி, ஈறையும் நாக்கையும் விரலால் தேய்த்துக் கழுவினேன். வலியில் அது கடித்துவிட்டது. பல் என் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது.

அதற்குள் அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வாய்தான் உதவியது. ரத்தம் வழிகிற கையை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“என்னையக் கடிச்சிடுச்சுண்ணே. இப்ப அடிங்க பாக்கலாம்! இதக் கொன்னுட்டா, இதுக்கு வெறி இருந்திச்சா இல்லையான்னு யாரு வந்து எனக்குச் சொல்லுவா? நீங்க பட்டது போதாதா? பத்து நாளைக்கு இது உசுரோட இருக்கணும்!”

ஓங்கிய கழி அப்படியே நின்றது. அவர் என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “எல்லாரும் போங்கடா” என்றார். மற்றவர்கள் கலைகிறவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். “ஒங்க வீரத்தக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க” என்றது ஞாபகம் இருக்கிறது. மற்றதை எழுத முடியாது.

ஊசி போட என்னைக் காரைக்காலுக்குத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான். வழி முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

நாய்க்கு விஷம் மறுநாளே தெளிந்துவிட்டது. முறிந்த கால்தான் சேரவில்லை. தினமும் காலையில் அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: “நாய் சாப்பிட்டுச்சாம்மா? தண்ணி குடிச்சிச்சா?” கொல்ல வந்த மனுஷனுக்கு இப்போது அது பிழைத்துக் கிடக்க வேண்டியிருந்தது. நாள் கணக்கு முடிந்த மறுநாள், கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவரே உள்ளே வந்தார்.

“ஒண்ணும் இல்லல்ல? நல்லாத்தான இருக்கு?” என்று நாயிடம் குனிந்தார்.

அது கிடந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. குரைக்கக்கூட இல்லை. உடம்பு மட்டும் வெடவெடவென்று ஆடியது.

அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறவரை அது சோற்றில் வாய் வைக்கவில்லை.