புரொத்தரோ முதலாளி அவுட் ஆன நாள்

இட்வல் புரொத்தரோவுக்கு இஞ்சி சோடா கம்பெனி மாமனார் வழியாக வந்தது. கிரிக்கெட்டை அவரே தேடிக்கொண்டார். எங்கள் பான்ட்கரெக் ஊரின் ஆற்றோர மைதானத்தை விலைக்கு வாங்கிய மறுவாரமே ஊர் அணிக்குக் கேப்டன் ஆனார். அதற்கு முன் அவர் மட்டையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலையில் சேப்பல் ஆராதனையில் எழுந்து நின்று குடியின் கேட்டைப் பற்றி உருகி உருகிப் பேசுவார். ஊரார் பீரை விட்டால் அவர் சோடாவைத்தானே குடித்தாக வேண்டும்! சனிக்கிழமைகளில் மட்டையோடு இறங்குவார். நடுவர் ஹாப்கின், கம்பெனியில் பாட்டில் நிரப்பும் பிரிவின் மேஸ்திரி. பந்து முதலாளியின் காலில் பட்டாலும், மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனாலும் ஹாப்கின் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை கௌன்டி அணிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆள் குறைந்தது, போக வண்டியும் இல்லை. புரொத்தரோவிடம் கார் இருந்தது. நாலு பேரை ஏற்றிப்போய், தானும் ஒருவராக ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். திரும்பி வந்ததும் எல்லா லேபிளிலும் அவர் படம்: ‘கௌன்டி வீரர் அருந்தும் பானம்’. அதை ஆயிரக்கணக்கில் ஒட்டியவள் நான்.

1927 வசந்தத்தில், கழுவும்போது பாட்டில் வெடித்து, கழுவும் கொட்டகையில் வேலை செய்த மோர்வித்தின் இடது உள்ளங்கையில் ஏழு தையல். கொட்டகைப் பெண்களும் லேபிள் ஒட்டும் நாங்களும் முதலாளியிடம் போய்க் கையுறை கேட்டோம்.

“கையுறையா? கௌன்டி ஆட்டத்துல நாள் முழுக்க வெறுங்கையோட பந்து புடிச்சேன். நான் அழுதேனா?”

“புடிச்சீங்களா முதலாளி? நீங்க கோட்டை விட்டதைத்தான் எங்க அண்ணன் பாத்தாராம்” என்றாள் மோர்வித்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் காது சிவந்தது.

“வாய் நல்லாத்தான் இருக்கு. ஜூன் மாசம் கம்பெனி விருந்துல நடக்குற ஆட்டத்துல நீயே பந்து போடு. என்னை அவுட்டாக்கு, எல்லாருக்கும் கையுறை தர்றேன்.”

ஹாப்கின் இருக்கும் தைரியம். ஆனால் மோர்வித், ஐந்து அண்ணன்மாருக்குச் சுரங்கக் கழிவு மேட்டோரம் பந்து போட்டு வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது.

விருந்தன்று மோர்வித் போட்ட முதல் பந்து அவர் முழங்காலில் போய்ப் பட்டது. ஹாப்கின் மலையைப் பார்த்தார். இரண்டாவது மட்டையில் உரசிக் கீப்பரிடம் போனது. மறுபடியும் மலை.

“ஹாப்கின் அண்ணே, மலை எங்கயும் ஓடிடாது! இங்க கொஞ்சம் பாருங்க!” என்று கூட்டத்திலிருந்து குரல்.

மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்ப் பெயர்ந்து தரையில் உருண்டது.

“காத்து!” என்றார் புரொத்தரோ. “காத்துல விழுந்துடுச்சு. என்ன ஹாப்கின்?”

அன்று கம்பெனிப் புகை நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஹாப்கின் ஸ்டம்பைப் பார்த்தார். பிறகு எங்களோடு நின்ற தன் மனைவி நெஸ்டாவைப் பார்த்தார். அவளும் பாட்டில் கழுவுகிறவள்தான். இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. ஹாப்கின் மெல்லத் தன் விரலை உயர்த்தினார்.

“அவுட்டுங்க, முதலாளி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா!”

“நாலு வருஷமா யோசிச்சாச்சுங்க.”

திங்கட்கிழமை ஹாப்கின் மேஸ்திரி வேலையிலிருந்து குதிரை லாயத்துக்கு, சாணி அள்ளப் போனார். கையுறை வரவில்லை. செவ்வாயன்று நாங்கள் வேலைக்கு வந்து, கைகளை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஊரெல்லாம் சோடா கேட்கும் வெயில். புதன் மதியம் தோல் கையுறைகள் வந்தன. கூடவே பத்திரிகைப் படக்காரரும். மோர்வித்தின் கையில் முதலாளி உறை மாட்டிவிடும் படம் வாரப் பத்திரிகையில் வந்தது. தலைப்பு: ‘தந்தை போன்ற முதலாளி’.

ஹாப்கின் இரண்டு வருடம் லாயத்திலேயே கிடந்தார். “குதிரைங்க பரவாயில்ல, பொய் சொல்லச் சொல்றதில்ல” என்பார்.

புரொத்தரோ அடுத்த வருடம் கோல்ஃப் ஆடக் கிளம்பினார். அதில் எத்தனை அடி அடித்தோம் என்பதை அவரவரே எழுதிக்கொள்ளலாம். மூன்றே மாதத்தில் கோப்பை வாங்கிவிட்டார்.