குற்றாலத்துச் சுவரில் எனக்கு ஓர் ஆணி

போர்டு எழுதுகிறவனுக்கு ஏணி ஏறினால் பிழைப்பு; படம் வரைகிறவனுக்கோ அடுத்தவர் வாசல்படி ஏறினால்தான் பிழைப்பு. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா இருக்காகளா?" என்று கேட்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

நமக்குத் தென்காசி. எழுபதுகளில் சைக்கிள் கடை, காப்பிக் கடை போர்டு எல்லாம் எழுதினவன் நான். வேலை இல்லாத நேரத்தில் வீட்டில் படம் வரைவேன். அப்போதுதான் சென்னையிலிருந்து வரதன் சார் என்று ஒருவர் வந்து, குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்துப் படக்கூடம் வைத்தார். ஒரு ஆளை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் அருவிக் குளிப்புக்குக் கூட்டம் வருகிற சாரல் காலத்தில் இங்கே, மற்ற மாதங்களில் சென்னையில் என்று அந்த ஆளின் படங்களை மாட்டி விற்றுக் கொடுப்பார். அந்தச் சுவரில் எனக்கும் ஓர் ஆணி வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

போன நேரம்

நல்ல சாரல், ஞாயிற்றுக்கிழமை. போர்டு வேலை கேட்கிறவன் வியாபாரம் நடக்கும்போதுதானே கடைக்குப் போவான்? அதே பழக்கத்தில் கிளம்பிவிட்டேன். படம் நனையக்கூடாதே என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாளின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

படக்கூடத்துக்குள் ஈரத்தலையோடு சனம் நெருக்கியடித்து நின்றது. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஒரு படத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் காலடியிலேயே மூட்டையை அவிழ்த்துச் சேலையை விரித்துப் படங்களைப் பரப்பினேன். அந்தக் குடும்பத்து அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "சேலை என்ன விலைங்க?" என்று கேட்டாள். வரதன் சார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஏங்க, பந்தி நடக்கும்போதா பொண்ணு கேட்டு வருவாங்க? கூட்டமெல்லாம் ஊருக்குப் போகட்டும், அப்புறம் வாங்க."

கொண்டுபோன சரக்கு

கூட்டம் போனதும் போனேன். அவருக்கு எது பிடிக்குமோ, யார் கண்டது? வீட்டில் இருந்ததை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டேன். புலி, பிள்ளையார், தாமரையில் உட்கார்ந்த பாப்பா, லாரிக்குப் பின்னால் எழுதுகிற கழுகு, காலண்டரைப் பார்த்து வரைந்த பனிமலை. பனியை நான் கண்ணால் கண்டதில்லை; அதனால் வெள்ளையை மிச்சம் வைக்காமல் அப்பியிருந்தேன்.

ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அவர் கையிலிருந்த டீ ஆறிப்போனது. "இன்னது வேணும்னு சொல்லுங்க சார், எதுன்னாலும் வரைஞ்சு தாரேன்" என்று நான் பெருமையாக முடித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஓட்டல்ல என்ன இருக்குன்னு கேட்டா மொத்தத்தையும் ஒப்பிப்பாங்களே, அப்படி இருக்குங்க. உங்க வீட்டுல இன்னைக்கு என்ன சமையல், அதைச் சொல்லுங்க."

பேர் போட்ட லட்சணம்

அடுத்த சாரலுக்கு முன்னால் ராவும் பகலுமாக உட்கார்ந்து மெயின் அருவியை வரைந்தேன். பாறை, பாசி, தண்ணீர்ப் புகை எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் கை சும்மா இருக்குமா? போர்டின் மூலையில் எழுதினவன் பேரும் ஊரும் இருந்தால்தான் எங்களுக்கு அடுத்த வேலை வரும். அந்தப் பழக்கத்தில் படத்தின் அடியில் "மாடன் ஆர்ட்ஸ், தென்காசி" என்று சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழலும் கொடுத்துவிட்டேன். நிழல் அருமையாக அமைந்தது.

என்னோடு போர்டு எழுதுகிற சுடலைதான் முதலில் பார்த்தான். தலையைச் சாய்த்து இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஏலே மாடா, அருவியில தண்ணி கம்மியாத்தாம்லே வருது, உம் பேருல்லா பெருக்கெடுத்து ஓடுது!"

பெரிய மனிதர் சிபாரிசு

சுடலை அப்படிச் சொன்ன பிறகு அந்தப் படத்தோடு தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. நாமாகப் போய்த்தானே காரியம் கெடுகிறது, ஒரு பெரிய மனிதரைக் கூட்டிப்போவோம் என்று தோன்றியது. இலத்தூரில் ஒரு பண்ணையார் அண்ணாச்சி. அவர் வீட்டு வாசலுக்கு மயில் வரைந்து கொடுத்திருந்தேன். அங்கவஸ்திரத்தோடு காரிலேயே வந்தார்.

வந்தவர் வரதன் சாரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, "இவன் நம்ம பையன். தங்கமான கொணம். பீடி, சாராயம் ஒண்ணும் கெடையாது. கோயில் கொடை விழான்னா மொத ஆளா வந்து நிப்பான்" என்று ஆரம்பித்தார். அங்கிருந்து வயல், கிணறு, மோட்டார், மூத்த மருமகன் வேலை என்று போனார். என் அருவிப் படம் சுருட்டினது சுருட்டினபடி மடியிலேயே இருந்தது. கார் கிளம்பிய பிறகு வரதன் சார் என் தோளில் கை வைத்தார். "நீங்க குடிக்க மாட்டீங்கன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன். வரைவீங்களான்னுதான் அவர் கடைசி வரைக்கும் சொல்லலை."

மச்சினன் முதுகு

எண்பதாம் வருசம் பிறந்துவிட்டது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று சலித்துச் சடைத்துப்போய் வீட்டில் கிடந்தேன். பேச்சியம்மாளின் அண்ணன் பரமசிவத்துக்குச் சாரல் தொடங்கினால் எங்கள் வீட்டில்தான் டேரா. காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளிப்பு, மத்தியானம் சாப்பாடு, அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கடைக்கு அனுப்பக் கூப்பிட்டால் அந்த முதுகுக்குக் காது கேட்காது. இவ்வளவு அசையாத ஆள் வேறு எங்கே கிடைப்பான்? வரைந்தேன். எண்ணெய் மினுக்கமும், அருவி அடித்துச் சிவந்த தோளும் அப்படியே வந்தன. அந்த ருசியில் அருவிக்கரைக்குப் போய், வரிசையில் நிற்கிற முதுகுகளையே வரைந்தேன். கூனல் முதுகு, நடுங்குகிற முதுகு, பிள்ளையைச் சுமந்த முதுகு. அருவியை ஒன்றிலும் வரையவில்லை.

வரதன் சாருக்கு ஒரு கார்டு போட்டு, அவர் வரச் சொன்ன நாளில் அந்தப் படங்களை மட்டும் கொண்டுபோனேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு படமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சுத்தியலை எடுத்தார். "இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். சாரல் முடிஞ்சதும் மெட்ராசுக்கு எடுத்துட்டுப் போறேன். இனிமே வரையறதை எனக்குக் காட்டாம வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றார்.

மறுநாள் பேச்சியம்மாளைப் பட்டுச்சேலை கட்டவைத்துக் கூட்டிப்போனேன். வாசலுக்கு நேரே பரமசிவத்தின் முதுகு. அவள் மூக்கில் விரலை வைத்துக்கொண்டாள். "எங்க அண்ணன் இப்படித் திரும்பிப் படுத்துக் கெடக்காகன்னு வருசா வருசம் நான் வைஞ்சுக்கிட்டு இருக்கேன். அந்த முதுகுக்கு மெட்ராஸ்ல செவரு வேற கெடைக்குதாக்கும்!"

வரையக் கற்றுக்கொள்ள ஓர் ஆயுசு போதாது என்பார்கள்; வரைந்ததைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் எப்படி நிற்பது என்று கற்றுக்கொள்ளவே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.