தோற்க விரும்பிய வேட்பாளர்

எழுபதுகளில், தேரடி வீதியில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரர் சிக்கிக்கொண்டிருந்தார். செம்பட்டைத் தாடி, சுத்தமான சட்டை. தமிழ் பேசுமளவுக்கு நாளாகிவிட்டது. தினமும் காலையில் வாசலுக்கு வந்து தபால்காரரை எதிர்பார்த்து நிற்பார்.

அவர் அப்பா தம் பண்ணையைத் தனி நாடாக அறிவித்தவர். அந்த நாட்டின் பாஸ்போர்ட்டோடு எப்படியோ இங்கே வந்துவிட்டவரால், அதை ஒருவரும் ஏற்காததால் ஊர் திரும்ப முடியவில்லை. அப்பா இறந்ததும் அங்கே பொதுத்தேர்தல் வந்தது. அக்கா ஜெயித்தால் நாட்டையே கலைத்துவிடுவாள். இவருக்கு ஒழுங்கான பாஸ்போர்ட் கிடைக்கும். இவரே ஜெயித்தால், கலைப்பதற்கு அங்கே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அங்கே ஓட்டுப் போடும் உறவினர்கள் இவரையும் வேட்பாளராக நிறுத்திவிட்டார்கள்.

தந்தி வந்தது. படித்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தோத்துட்டீங்களா சார்?" என்றேன்.

"ஜெயிச்சிட்டேங்க. என்மேல அவங்களுக்குப் பாசம் ஜாஸ்தி."

வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.