ஜெயராணி எழுதிய சரியான விடை

அன்று காலை தேர்வுக்குப் படிக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல ஒரு கேள்வி வந்திருந்தது. நெருக்கடி நிலையின்போது மக்களவையின் காலத்தை ஒரு தடவைக்கு எவ்வளவு நீட்டிக்கலாம் என்பது கேள்வி. அதற்குக் கீழே ஜெயராணியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. உடம்பு கொஞ்சம் தேறி, விடை போட்டிருக்கிறாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். "ஜெயராணி தவறிட்டாங்க. சாயங்காலம் அடக்கம். சேவுகம்பட்டி வீடு" என்றிருந்தது. அவள் கணவர் சேசுராஜ் அவளுடைய கைபேசியிலிருந்தே அனுப்பியிருந்தார். அதைக் கவனிக்காத யாரோ ஒருவர் அடுத்த வரியில் "ஓராண்டு" என்று விடை எழுதியிருந்தார். பள்ளியில் மணி அடித்துவிட்டது. நான் வகுப்புக்குப் போகாமல் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

குழுவில் இருக்கும் உங்களில் பலர் அவளை நேரில் பார்த்ததில்லை. விடையோடு அரசியலமைப்பின் உறுப்பு எண்ணையும் சேர்த்துப் போடுகிறவள் என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் அஞ்சல் வழியில் முதுகலை அரசியல் அறிவியல் படித்தவர்கள். திண்டுக்கல்லில் நடந்த தொடர்பு வகுப்பில் அந்தப் பாடத்துக்கு வந்த பெண்கள் நாங்கள் மட்டுமே என்பதால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சின்னாளப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். அவள் வீட்டில் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்தார்கள். பறிப்புக் காலத்தில் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் வருவாள். அரசியல் அறிவியல் என்று சொன்னாலே ஊரில் எந்தக் கட்சியில் சேரப்போகிறாய் என்று கேட்பார்களாம். எதிர்க்கட்சியில் என்று சொல்லிவிடுவாளாம்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் எங்கள் பாடத்துக்கு இடங்கள் மிகக் குறைவு. தமிழோ கணக்கோ எடுத்திருக்கலாமே என்று நான் புலம்பாத வாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாகல் நகரில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கிப் படித்தோம். முதலில் நான்கு பேர் இருந்தோம். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருவர் துணிக்கடை வைத்துவிட்டார். மிஞ்சியது நாங்கள்தான். "நாலு விடையில ரெண்டை அடிச்சிரலாம். மிச்ச ரெண்டுலதான் நம்ம பொழப்பே கெடக்கு" என்பாள்.

அந்த இரண்டில்தான் அவளுக்கு எல்லாம் போயிற்று. குடியரசுத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் என்று எல்லோரும் படித்த ஒரு கைடில் இருந்தது. அது தவறு, நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு என்று அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பைத் திறந்து அவள்தான் எனக்குக் காட்டினாள். தேர்வில் அதே கேள்வி வந்தது. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று, கைடைப் பார்த்துக் கேள்வி எடுத்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தப்புன்னு தெரிஞ்சே அதைப் போட்டுட்டு, நாளைக்கு வகுப்புல பிள்ளைககிட்ட எதைடி சொல்றது?" என்றாள்.

நானும் அவள் சொன்ன விடையைத்தான் குறித்திருந்தேன். என் மதிப்பெண் இருந்த தாழ்வுக்கு அந்த ஒன்று வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அவளுக்கு அப்படியில்லை. விடைக்குறிப்பில் கைடின் விடையே வந்தது. அறுபத்தாறாவது உறுப்பைப் படம் எடுத்து வைத்து ஆட்சேபணை அனுப்பினாள். இறுதிக் குறிப்பிலும் மாற்றமில்லை. ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு இடம் போயிற்று.

அவளைப்போலவே நூலிழையில் தவறவிட்ட சிலர் வழக்குப் போட்டார்கள். ஆதாரம் கேட்டபோது தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அனுப்பிவைத்தாள். வக்காலத்தில் கையெழுத்துப் போட மதுரைக்கு வரச் சொன்ன நாளில் அவளும் மதுரையில்தான் இருந்தாள், புற்றுநோய் வார்டில், முதல் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. வக்கீல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓர் ஆட்டோ தூரம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு மருந்தும் வாந்தியுமாக நாட்கள் போயின. யாருக்கும் அது நினைவில் இல்லை, அவளும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்தது. நியமன உறுப்பினரைச் சேர்த்த விடையே சரி, வழக்குத் தொடுத்தவர்களுக்கு அந்த மதிப்பெண் உண்டு, ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வழக்கில் பெயர் சேராத அவளைப் போன்றவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இதைக் கைபேசியில் சொல்ல மனம் வராமல் வத்தலக்குண்டு பஸ் ஏறிப் போனேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகப் படுத்திருந்தாள். முழுதும் கேட்டாள்.

"அப்ப நான் எழுதுனது சரி."

"சரிதான்" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "சரியா எழுதி என்ன ஆச்சு, தேவி?" என்றாள்.

 வரும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல ஆறுதல் தேடிக்கொண்டுதான் வந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்த புத்தகங்களைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கும்படி அவள் சேசுராஜிடம் சொன்னாள். அவர் எதுவும் கேட்காமல் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கிளம்பும்போது அவள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதன்பின் நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்து எல்லோரும் கலைந்தபின், சேசுராஜ் என்னிடம் வந்தார். அழுது ஓய்ந்த முகம். "நீங்க கூடப் படிச்சவுக. கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "களை எடுக்கையில படிச்சா, சோறு பொங்கையில படிச்சா. அம்புட்டும் மண்டையில வச்சிருந்தா. அதெல்லாம் இப்ப எங்கங்க போகும்?"

அவர் பதில் வேண்டித்தான் கேட்டார். நான் சரிந்து கிடந்த ஒரு பூமாலையை எடுத்து நேராக வைத்தேன்.

இனி நான் எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை. அவளுக்கே கிடைக்காத இடத்தை நான் போய்ப் பிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மாடி அறைச் சாவியையும் கொடுத்துவிட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், ஆளுநரைப் பதவியிலிருந்து யார் எடுக்க முடியும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததாகத்தான் தோன்றியது. ஆனால் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை அரசியலமைப்பு மூலத்தை எடுத்து, அந்த உறுப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டதையே மறந்திருந்தாள்.