கடலுக்கா, கோயிலுக்கா?

சென்ற வாரம் எங்கள் தீவில், பீச் ஸ்ட்ரீட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காப்பிக் கடைக்கு மகள் அழைத்துப் போனாள். காப்பியின் மேல் பாலில் இலை வரைந்து கொடுத்தார்கள். குடிக்கவா, கும்பிடவா என்று தெரியவில்லை. சுவரில் அழகுக்காக ஒரு பழைய ஷேக்கிளை மாட்டியிருந்தார்கள். குதிரை லாடம் போல வளைந்து, வாயில் குறுக்கே திருகாணி போட்ட இரும்பு வளையம். எழுந்து போய் அதை மோந்து பார்த்தேன்.

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்க.”

பார்க்கட்டும். முன்பு அந்த இடத்தில் இருந்த இரும்புச் சாமான் கடையில் கிரீஸும் கயிறும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இப்போது வெனிலா வாடைதான் வந்தது.

அந்தக் கடைக்கு என்னை இழுத்துப் போனவன் சவரி. அப்போது இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் ஊர் திரும்பும்போது ஒரு சின்னப் பாய்மரப் படகை விட்டுப் போனார். யாரும் சீந்தவில்லை, சவரி எடுத்துக்கொண்டான். மேனேஜரோடு சில ஞாயிறுகள் ஓட்டிப் பழகியதில், தானே ஒரு கப்பல் கேப்டன் என்று அவனுக்கு நினைப்பு. நான் கூடப் போனது வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கச் சொல்வார்கள் என்பதால்.

சவரிக்கு ஸ்டெல்லா மேல் உயிர். ஸ்டெல்லாவின் அப்பா, அந்தோணி மாமா, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டத்தோ கிராமாட் பக்கம் வீடு. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், புயலில் கப்பலைக் கரை சேர்த்ததே தான்தான் என்பது போலப் பேசுவார். பெண் கேட்டுப் போன சவரியை ஏற இறங்கப் பார்த்தார்.

“படகு வச்சிருக்கியாமே. நானே ஏறிப் பாக்குறேன். கடலுக்குப் பயப்படுறவனுக்கு எம்புள்ளயக் குடுக்க முடியாது லா.”

அவ்வளவுதான், சவரிக்குத் தூக்கம் போனது. படகில் கட்டை நன்றாகத்தான் இருந்தது, இரும்புதான் இற்றுப் போயிருந்தது. பாய்மரத்தைச் சாயாமல் பிடித்திருப்பது பக்கத்துக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் படகோடு பிடித்திருப்பது ஒரு ஷேக்கிள். அது போனால் மரம் போகும், மரம் போனால் பெண் போகும்.

பீச் ஸ்ட்ரீட் கடைக்குப் புது ஷேக்கிள் வாங்கப் போனோம். கடை முதலாளி, சீனத் தவுக்கே, தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்வி கேட்டார்.

“கடலுக்கா, கோயிலுக்கா?”

தைப்பூசம் நெருங்கினால் காவடி கட்டுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் சங்கிலியும் கொக்கியும் வாங்குவார்கள். அதனால் தவுக்கே இரண்டு தட்டு வைத்திருந்தார். கடல் தட்டில் இருந்தவை மங்கலாக, தடியாக, பார்க்கவே அழுமூஞ்சியாக இருந்தன. கோயில் தட்டில் இருந்தவை கண்ணாடி போல மின்னின.

“கோயில்” என்றான் சவரி, ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன்.

“டேய், நமக்குக் கடல்டா.”

“அவ்ளோ பெரிய காவடியையே தாங்குது. மாமா முன்னால அந்த அழுக்குச் சாமானையா மாட்டுறது?”

தவுக்கே ஒரு காந்தத்தை எடுத்துக் கடல் ஷேக்கிளில் வைத்தார். ஒட்டவில்லை. மின்னுகிற ஷேக்கிளில் வைத்தார். பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. மேலே பளபளப்பு, உள்ளே துருப்பிடிக்கும் வெறும் இரும்பு என்று அதற்கு அர்த்தம். சவரிக்கோ வேறு அர்த்தம் தோன்றியது.

“பாத்தியா, என்னா பிடி.”

தவுக்கே வியாபாரி, மறுபேச்சுப் பேசாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சவரி அதைத் தொழிற்சாலை கேட்டில் மாட்டி என்னையும் தொங்கவிட்டுச் சோதித்தான். தாங்கியது. காவடி ஒரு நாளில் இறங்கிவிடும், உப்புக்காற்று இறங்காது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. மாமா இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அதற்குள் மினுமினுப்பு பொரிந்து, கீழே செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது. சவரி அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்தான்.

ஒருவழியாக ஒரு ஞாயிறு மாலை மாமா இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வெல்ட் கீ படித்துறைக்கு வந்து படகில் ஏறினார். கொஞ்ச தூரம் போவதற்குள் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போகும் மஞ்சள் ஃபெர்ரி ஒன்று அலை கிளப்பிக்கொண்டு பக்கத்தில் போனது. காற்று ஒரு தூக்குத் தூக்கியது. டப் என்று ஷேக்கிள் தெறிக்க, மரம் சாய்ந்து, பாய் எங்கள் மூவரையும் போர்வை போல மூடியது.

உள்ளே இருட்டு. “மாதாவே, மாதாவே” என்று ஒரு குரல். எனக்கும் பயம்தான், ஆனால் அது என் குரல் இல்லை.

“மாமா, கழுத்த விடுங்க, மூச்சு முட்டுது” என்றான் சவரி.

ஃபெர்ரியில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். பாயைச் சுருட்டிப் போட்டுவிட்டு நான் துடுப்புப் போட்டேன். சவரியால் போட முடியவில்லை, கரை வரும்வரை மாமா அவனைக் கட்டிப் பிடித்திருந்தார். முப்பாட்டன் காலத்துக் கடலோடி போலப் பேசிய மனிதர் அதுவரை ஃபெர்ரியைவிடச் சின்ன எதிலும் ஏறியதே இல்லையாம். அவருடைய கால்சட்டை நனைந்தது கடல் தண்ணீரால்தான் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

மாமா படித்துறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சவரி, எல்லாம் போச்சு என்று தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

“தம்பி, நடந்தது நமக்குள்ளயே இருக்கட்டும். ஸ்டெல்லாகிட்டகூட வேணாம்” என்றார் மாமா. அப்புறம், “ஃபாதரப் பாத்துத் தேதி கேட்டுருவோம் லா.”

கல்யாணம் நடந்தது. படகைச் சீனர் ஒருவர் வாங்கிக் கோழிக்கூண்டு ஆக்கினார். அந்த மஞ்சள் ஃபெர்ரிகளும் ஓய்ந்துவிட்டன. சவரியும் ஸ்டெல்லாவும் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் வீடு வாங்கிக்கொண்டு, தீவுக்குப் பாலத்தில் காரில் வருகிறார்கள்.

மாமா இறந்த அன்றும் அப்படித்தான் வந்தார்கள். ஜெபம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மாதா கோயில் ஆட்கள் மாமாவின் கடல் வீரத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். நான் சவரியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்த கதை, இப்போதாவது அவிழ்த்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

“ஆமா, என் படகுல வந்திருக்காரு. மரமே சாஞ்சிச்சு, மாமா அசரல” என்றான்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பொய்யைக் கேட்டு முதலில் சிரித்திருக்க வேண்டியவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.